பத்தொன்பது இழுப்பு

திருவலம் பாலத்துக்கு இப்பால்
முனிரத்தினத்தின் கொய்யாத் தோப்பு.
மணிக்கு இருநூற்றைம்பது பேசி வந்தேன்.
மணி ஓடுகிறது, மிஷின் ஓடவில்லை.
குழுக் கடனில் வாங்கியது,
இன்னும் பதினான்கு தவணை.

பதினோராவது இழுப்பில்
கயிறு கையைவிட்டு நழுவி
தன் பொந்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.
புல்லோ இடுப்புயரம்,
ராத்திரி பெய்த மழையைத் தலையில் வைத்தபடி
என்னையே பார்த்து நிற்கிறது.

முனிரத்தினத்தின் தம்பி பெண்சாதி
வேலியோரம் வந்தாள்.
"இன்னாக்கா, இஸ்துகினே கீறே?"
"சளி புட்ச்சிருக்கு" என்றேன்.

மேல்விஷாரத்து நூருல்லா போனில்.
அவர் கடையில் யாரோ இரும்பு அரைக்கிறார்கள்,
பாதி வார்த்தை அதில் அரைபடுகிறது.
சுவிட்சு?
போட்டிருக்கிறேன்.
சோக்கு?
மூடினேன், திறந்தேன், பாதியில் நிறுத்தியும் பார்த்தேன்.
பெட்ரோல் பழசா?
ஆடி மாசத்தது.
கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன்.
"கொட்டும்மா" என்றார்,
ஊசிப்போன குழம்பைச் சொல்வதுபோல.

தண்ணீர் பாட்டிலில் வடித்தேன். கஷாய நிறம்.
புதுசு ஒரு லிட்டர், அதில்
இருமல் மருந்து மூடியால் நாலு மூடி ஆயில்.
ரப்பர் குமிழை அமுக்க அமுக்க
குழாயில் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது.
பன்னிரண்டு. பதிமூன்று.

பிளக்கைக் கழற்றி முந்தானையில் துடைத்து
இரும்பில் சாய்த்து இழுத்தால்
நீலமாய் ஒரு மின்னல், கடுகளவு.
உயிர் இருக்கிறது.
வடிகட்டியை உதறினேன்,
போன வருஷத்து வேர்க்கடலைத் தூசி.
மாட்டி இழுத்தேன். பதினேழு.
எல்லாம் இருந்தும் ஓடாத ஒன்றை
எந்தப் பக்கம் நின்று திட்டுவது?

காட்பாடி நோக்கி ஒரு ரயில் போயிற்று.
அது முடிந்தபோது
"...வெளிய போற வழி" என்று முடித்தார் நூருல்லா.

வெளியே போகிற வழி.
உள்ளே போவதைத்தானே
காலையிலிருந்து கணக்குப் பார்க்கிறேன்.

சைலன்சர் மூடியைக் கழற்றினேன்.
வாயடைத்து மண்.
குழைத்து வழித்து
வரிவரியாய் அப்பிய மண்.
குளவி.

"குளவி கட்டிச்சா!" வேலியோரக் குரல் துள்ளியது.
"உங்க வூட்ல கொயந்த சத்தம் கேக்கப் போவுதுக்கா."
எனக்கு நாற்பத்தாறு.
வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில்
பை எடுத்து நாலு வருஷம்,
மழை நாளில் தையல் இன்னும் சுருக்கென்று இழுக்கும்.
வேலிக்கு மேலாகக் கத்துகிற சமாச்சாரமா அது.
"கேக்கட்டும்" என்றேன்.

கம்பியால் குத்தியதும் மண்ணறை உடைந்து
உள்ளங்கையில் சிலந்திகள். ஏழு.
சாகவில்லை. அசையவுமில்லை.
ஒன்றின் கால் மட்டும்,
எங்கோ தூரத்தில் யாரோ கயிறு இழுத்ததுபோல,
ஒருமுறை துடித்து நின்றது.
நடுவில் குருணையளவு வெள்ளைப் புழு.
அதற்கென்று ஆக்கி வைத்த சாப்பாடு இவ்வளவும்.

கொய்யா இலையில் எல்லாவற்றையும் வைத்தேன்.
வைத்து என்ன.
எறும்பு வரும்.

மூடியை முடுக்கினேன்.
பதினெட்டு: ஒரு செருமல்.
பத்தொன்பது:
தோப்பு முழுக்கச் சத்தம்.
கொக்குகள் எழுந்தன.
போனை அவர் வைத்தாரா நான் வைத்தேனா தெரியவில்லை.
வேலியோரத்தாள் காதைப் பொத்திக்கொண்டு
என்னவோ சொல்கிறாள்,
வாயசைவில் மறுபடியும் கொயந்த.

வாரைத் தோளில் மாட்டி
இலை கிடந்த மரத்தை விட்டு
அடுத்த வரிசையில் ஆரம்பித்தேன்.
மணி ஒன்பதரை.
முனிரத்தினம் எட்டிலிருந்து எண்ணுவாரா,
இந்தச் சத்தத்திலிருந்தா?