தென்முனை

சென்சாருக்கு மூன்று கால்.
எழுத்திருக்கும் முகத்தை நம் பக்கம் திருப்பினால்
இடக்கால் பன்னிரண்டு வோல்ட், நடுக்கால் தரை,
வலக்கால்தான் பேசும்.
அதுவும் எல்லோரிடமும் பேசாது.
காந்தத்தின் தென்முனையைக் காட்டினால் தலையாட்டும்.
வடமுனைக்கு,
மொய் எழுதாத சம்பந்தியைப் பார்த்ததுபோல்
பார்க்காமல் இருக்கும்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை,
இரண்டாம் நம்பர் பல்ப்பர்.
போன ஆனியில் மாதம்மாளின் இரண்டு விரல்நுனி
அதற்குள் போனது.
அன்றைய கூழை வாய்க்காலில் கொட்டினார்கள்.
இந்த வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டு
"மூடிக்கு ஏதாவது பண்ணுப்பா" என்றார்.

பண்ணினேன்.
மூடியில் காந்தம், சட்டத்தில் சென்சார்.
மூடியிருக்கும்வரை வலக்கால் தாழும்,
டிரான்சிஸ்டர் வழிவிடும்,
ரிலே கவ்வும், காண்டாக்டர் பிடிக்கும், மோட்டார் ஓடும்.
தூக்கினால்
ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடும்.
வயர் அறுந்தாலும் எலி கடித்தாலும் நிற்கட்டும் என்று
பி.என்.பி. போட்டேன்.
ஓடத்தான் காரணம் வேண்டும்,
நிற்க எதுவும் வேண்டாம்.

முதல் டிரான்சிஸ்டர் செத்தது என் புத்தியால்.
ரிலேச் சுருள் சும்மா போகாது,
விட்டுப்போகும்போது ஓர் உதை விடும்.
உதை வாங்க
இரண்டு ரூபாய் டையோடு ஒன்றைக் குறுக்கே போடணும்.
மறந்துவிட்டேன்.

பிறகு எல்லாம் சரி.
பேனல் ரூமில் பெஞ்சுமேல் படுத்தபடி
இரவெல்லாம் கேட்பேன்:
டக்.
நார் அடைத்திருக்கும், திறந்திருப்பார்கள்.
மணிக்கு ஐந்தாறு டக்.
தூங்க அது போதும்.

ஒன்பதாம் நாள் இரவு
ஒன்றுகூட இல்லை.
வெளியே பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
பாலம்வரை வரிசை கட்டி நிற்கின்றன,
பழம் வியர்க்கிற வாசனை.
எழுந்து போனேன்.

மூடி திறந்திருக்கிறது.
பல்ப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்சார்மேல் கறுப்பு டேப்.
பிரித்தால்
கைப்பைக் கொக்கியிலிருந்து பிடுங்கிய காந்தம்,
பொட்டு அளவு.
முகம் சரியாகத்தான் இருந்தது.
இரண்டு பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.
பாலிடெக்னிக்கில் எனக்கு இது விளங்க
ஒரு செமஸ்டர் ஆனது.

"யார் ஒட்டினது?"

மாதம்மாள் கையைத் தூக்கினாள்,
அந்தக் கையையே.

"நின்னுச்சுன்னா பச்சைப் பட்டன் அமுக்க
உன் ரூமுக்கு வரணும். ஈரத்தரை.
போக வர அறுபத்தெட்டு எட்டு, எண்ணியிருக்கேன்.
டன்னுக்குத்தான் கூலி,
நடைக்கு யாரு தர்றா?"

பல்ப்பரை நிறுத்தினேன்.
சத்தம் அடங்க நேரம் பிடித்தது.
அது அடங்கும்வரை பார்த்திருந்து சொன்னாள்:

"போன வருசமும் ஆஃப் பண்ணிட்டுத்தான் கைய வெச்சேன்.
கரண்டு போச்சு,
கத்தி போகல."

ஒரு வருஷமாய் நான் கேட்காத கேள்விக்கு
அது பதில்.

விடிவதற்குள் பச்சைப் பட்டனை
அவள் நிற்கும் இடத்துக்கே இழுத்துவந்தேன்,
மூடியை மூடினால்தான் கேட்கும்படி.
சென்சாரைச் சட்டத்துக்குள் தள்ளி மறைத்தேன்.
பொட்டுக் காந்தத்தை அவளிடமே கொடுத்தேன்,
பை வாய் பிளந்து கிடந்தது.
கத்தி ஓய எவ்வளவு ஆகிறது என்று
செல்போனில் பிடித்துப் பார்த்தேன்: பதினொரு நொடி.
அந்தப் பதினொன்றைப் பிடித்துவைக்க
மூடிக்கு ஒரு பூட்டு வேண்டும்.
சாமான் ஓசூரிலிருந்து வரணும்.
முதலாளி சீசன் முடியட்டும் என்கிறார்.

ஆறு மணி ஷிப்ட்.
டக்.
மூடி மேலே போகிறது.
உள்ளே கத்தி தன்பாட்டுக்குச் சுற்றுகிறது.
மாதம்மாள் இரண்டு கையையும்
ரப்பர் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு
சத்தமாக எண்ணுகிறாள்.
புதிதாய் வந்த போச்சம்பள்ளிப் பெண்களும்
கூடவே எண்ணுகிறார்கள்.
பதினொன்றில் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு,
அவள் கணக்கு.