ஓட்டுநருக்குப் பின் இருக்கை

வெள்ளி இரவு, கிளினிக் இரும்புக் கதவைப்
பாதி இறக்கிய பிறகு வந்தார்.
நாக்கோரம் கடிபட்டு வீங்கியிருந்தது.
"சாப்பிடும்போது கடிச்சிட்டேன்" என்றார் என்னிடம்.
டாக்டர் ஊயிடம் அப்படிச் சொல்லவில்லை.

பிறையில் எங்கள் கிளினிக் ஒரு கடையறைதான்.
நடுச்சுவர் ஒட்டுப்பலகை.
மாத்திரை எண்ணுகிறவளுக்கு எல்லாம் கேட்கும்.
கேட்டதைக் கேட்காததுபோல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.

இரண்டு மாதத்தில் மூன்று தடவை வலிப்பு.
குளியலறையில் ஒன்று. மகன் கண்ணெதிரே ஒன்று.
மூன்றாவது, டிப்போவில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க.
கைப்பிரேக் போட்டிருந்தாராம்.

"ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர், மலாயில்.
"பஸ் கடன் இன்னும் நாலு வருஷம்" என்றார் அவர், மலாயில்.
பிறகு வெகுநேரம்
எந்த மொழியிலும் ஒன்றுமில்லை.

பில் கட்டுவது கம்பெனி; எம்.சி.யில் காரணம் கேட்கும்.
"வயித்து வலின்னு போடுங்க டாக்டர்."
டாக்டர் அப்படிப் போடவில்லை.
காரணத்துக்கான இடத்தைக் காலியாக விட்டார்.
"திங்கள்வரை பொறுப்பேன். நீயே போய்ச் சொல்.
நீ சொல்லாவிட்டால் நான் சொல்லவேண்டி வரும்."

மாத்திரை உறைமேல் பெயர் எழுதினேன்: குணாளன்.
என் வீட்டில் தினமும் புழங்கும் பெயர்.
குணா அண்ணன் பஸ்ஸில் ஏசி வேலை செய்யாது.
குணா அண்ணன் மழையென்றால் பிளாட் வாசல்வரை வருவார்.
என் தங்கை யோகமலர்
அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான்
பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் போகிறாள்.

மாத்திரையை எடுத்துக்கொண்டார்.
எம்.சி.யை என் மேசைமேல் விட்டுப் போனார்.
மறந்து அல்ல. என்னைப் பார்த்தபடியே
விரலால் தள்ளி வைத்தார்.
டாக்டருக்கு அது தெரியாது.
இழுப்பறையைத் திறந்தேன், போட்டேன், மூடினேன்.

சனி விடியல், ஐந்தேகால்.
"இன்னிக்குப் போகாதடி."
"டபுள் ஓட்டி இருக்கு, ஏன்?"
"கெட்ட கனவு."
சோதிடக்காரரை வாசலோடு திருப்பி அனுப்புகிறவள் நான்.
என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்;
முணுமுணுத்துக்கொண்டே சீருடையைக் கழற்றினாள்.

ரகசியம் ஒரு சொல்கூடச் சிந்தவில்லை.
தங்கையும் வீட்டில் இருக்கிறாள்.
மீதி நாற்பத்து மூன்று பேருக்கு
எனக்குக் கனவு வரவில்லை.

எட்டாம் மாடியிலிருந்து பார்த்தேன்.
ஐந்து நாற்பதுக்கு பஸ் திரும்பியது,
வழக்கம்போல் சிக்னல் போட்டு, வழக்கம்போல் மெதுவாக.
நல்ல ஓட்டுநர். அதுதான் கொடுமை.

ஏழு மணிக்குத் தங்கையின் தோழி போன் செய்தாள்.
எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.
"உன் சீட்டுல நேபாளப் பிள்ள ஒண்ணு உக்காந்துச்சு.
புதுசு. அந்த ஜன்னல்தான் திறக்கும்னு
அதுக்கு ஒரே சந்தோஷம்."

ஒன்பதுக்குக் கிளினிக் திறக்கவேண்டும்.
இழுப்பறையின் சாவி என் கைப்பையில்.
டாக்டர் ஒருவேளை கேட்பார்,
கேட்காமலும் போகலாம்.

திரும்பி வரும் பஸ்
மாலை ஆறரைக்கு.