அறுபத்து மூன்று விழுக்காடு

கோரோக் சந்தைக்குப் பின்னால்,
குந்த் ஆறு இரைவது சுவர் தாண்டிக் கேட்கும் கடை என்னுடையது.
பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறேன்:
அட்டையிலிருந்து பென்டிரைவுக்கு ஐந்து சோமோனி.
பென்டிரைவும் வேண்டுமென்றால் தனிக் காசு.
பேரம் உண்டு. கடன் இல்லை.

யெர்னெய் சைக்கிளோடு உள்ளே வந்தான்.
ஸ்லோவேனியாக்காரன்; மூக்கில் தோல் உரிந்திருந்தது.
கைக்குட்டைக்குள் பிளாஸ்டிக் பை,
பைக்குள் காகிதம், காகிதத்துக்குள்
நகத்தளவு அட்டை.
"அல்மாத்தியிலிருந்து எல்லாம் இதில்தான்" என்று
காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டரிடம் நீட்டுவதுபோல் நீட்டினான்.

மேகத்தில் ஏற்றலாமா என்று கேட்டான்.
ஏற்றலாம். ஒரு படத்துக்கு இருபது நிமிடம்.
உன்னிடம் ஆயிரத்து நானூறு.
எங்கள் ஊர் மேகம் மழைக்கே கஞ்சம், தம்பி.

இரண்டு பென்டிரைவ் வாங்கிக்கொள்.
எல்லை தாண்டி வருகிற மலிவுச் சரக்கே போதும்,
ஆனால் இரண்டு.
இரண்டையும் ஒரே பையில் போட்டால்
நீ வாங்கியது ஒன்றுதான்.
ஒன்று உன் காலுறைக்குள் இருக்கட்டும்.
மற்றது துஷான்பே போகும் ஜீப்பில்,
டிரைவர் சட்டைப்பையில், தபால் நிலையம் வரைக்கும்.
அவனுக்கு ஒரு சிகரெட் பெட்டி கொடு, போதும்.
அட்டையை உடனே துடைத்துவிடாதே.
முதல் படம், கடைசிப் படம்,
நடுவில் கைக்கு வந்த ஏதோ ஒன்று,
திறக்கிறதா பார்.
பெயர் தெரிவதெல்லாம் படம் இல்லை.

பச்சைக் கோடு நகர்ந்தது, நகர்ந்தது.
அறுபத்து மூன்றில் கரண்ட் போனது.

அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்
சிர்ச்சாய் ஊற்றிக் கொடுத்தேன்,
பாலும் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர்.
ஒரு வாய் குடித்துவிட்டு
மரியாதைக்காக இன்னொரு வாய் குடித்தான்.
ஜெனரேட்டர் இருக்கிறது.
அதற்கு டீசல் ஊற்றினால்
இந்த வேலையில் எனக்கு மிஞ்சுவது ஒரு முட்டை.
அதனால் காத்திருந்தோம்.
சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டான்.
நான் பருப்பில் கல் பொறுக்கினேன்.

விளக்கு வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
பாதியில் நின்றதை நம்பக் கூடாது;
ஒரு ஜப்பான் கிழவரின் கழுகுகள் முழுக்கப் போனபிறகு
கற்றுக்கொண்டது.

முடிந்தது. திறந்து பார்த்தோம்.
முதல் படம்: ஒரு கூடை ஆப்பிள்.
கடைசிப் படம்: என் கடைப் பலகை, கொஞ்சம் சாய்ந்து.
நடுவில், ஆயிரத்துச் சொச்சத்தில்
எதையோ தட்டினேன்.

முர்காப் புழுதி. ஒரு லாரி.
சக்கரத்தடியில் குந்தி, கையில் பாதி முலாம்பழத்தோடு
பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறான்
நெக்கதம்.
என் தம்பி.
இரண்டு வருடமாய் மாஸ்கோவில் செங்கல் சுமக்கிறவன்.
செவ்வாய் தவறாமல் போன் செய்து
இங்கே மழை அக்கா என்கிறவன்.

"இது எப்போது எடுத்தது?"
"ஒன்பது நாள் இருக்கும். என் டயரை ஒட்டித் தந்தார்.
காசு வாங்கவே இல்லை."
வாங்கமாட்டான் என்றேன்.

வேலை முடிந்தால்
வாடிக்கையாளர் கண்ணெதிரே என் கணினியில் இருப்பதை அழிப்பது
கடையின் வழக்கம்.
சுட்டியைப் பிடித்த கை அசையவில்லை.
ஒன்றை மட்டும் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.
அவன் படத்தைப் பார்த்தான், என் மூக்கைப் பார்த்தான்,
தலையசைத்தான்.
மற்றதையெல்லாம் அழித்தேன்.

பத்து சோமோனி எண்ணி வைத்தான்.
ஐந்தை எடுத்துக்கொண்டேன்.
அந்த ஒரு படத்தின் விலை என்ன என்று
இருவருமே பேசவில்லை.

இப்போது அது இரண்டு இடத்தில் இருக்கிறது.
ஒன்று கணினியில், மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே.
இன்னொன்று அரிசி டப்பாவுக்கடியில்.
அம்மாவுக்குக் காட்டவில்லை.

நாளை செவ்வாய்.
மாஸ்கோவில் மழையா என்று
நானே முந்திக்கொண்டு கேட்பேன்.