வாட்டம்

மூன்றே முக்காலுக்குக் கறுத்தது
சிராங்கூன் கார்டன் பக்கம்.
கொடித்துணியை எடுக்க ஓடியவள்
எடுத்ததை நாற்காலியில் போட்டுவிட்டுக்
குடையோடு வாசலுக்கு வந்தேன்.
கூரைத் தூம்பு எங்கே ஒழுகுகிறதென்று
வெயிலில் பார்த்தால் தெரியாது.
நனைந்துதான் பார்க்க வேண்டும்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள்,
சுற்றுப்புற வாரியத்துச் சட்டை, கையில் டார்ச்.
ஏணியில் ஏறித் தூம்புத் தண்ணீரைச்
சொட்டுக்குழலில் உறிஞ்சி
வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.
ஐந்து கொசுப்புழுக்கள்,
தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டு.
"உங்கள் வீடுதானே?"
ஆமாம் என்றேன். சொன்ன பிறகு
எனக்கே ஒரு மாதிரி இருந்தது.
பத்திரத்தில் ஒற்றைப் பெயராகிப்
பதினோரு மாதம்தான் ஆகிறது.

அவர் இருந்தவரை மேலே ஏறியதில்லை.
"மழைதானே, தானாய் வந்தது
தானாய்ப் போகும்" என்பார்.
இப்போது பொங்கோலில், பதினான்காம் மாடியில்.
கூரை என்கிற தொல்லையே
அவருக்கு இனி இல்லை.

அபராதக் கடிதத்துக்கு மறுநாள்
சூசைராஜ் லாரியில் வந்திறங்கினார்.
தூம்புக்குள் கைவிட்டு அள்ளி அள்ளிப் போட்டார்:
மக்கிய அங்சானா இலைகள்,
மைனா கட்டிப் பாதியில் விட்டுப்போன கூடு,
இரண்டு இறகுப்பந்துகள்,
எப்படி ஏறியதோ, ஒரு தேக்கரண்டி.
பிறகு ரசமட்டத்தை வைத்தார்.
குமிழி நட்டநடுவில் நின்றது, அசையவே இல்லை.
"நல்லதுதானே" என்றேன் கீழிருந்து.
சிரித்தார்.
"மட்டமா இருந்தா தண்ணி நின்னுபோகும்க்கா.
வாட்டம் இல்ல, அதான் கோளாறு."

கை தன்பாட்டில் கன்னத்துக்குப் போனது.
அலுவலக லிஃப்டில், கோயில் வரிசையில்,
மீன் வெட்டித் தரும் கடையில்கூட
வருடம் முழுக்கக் கேட்ட சொல் அது,
"ஏன் இப்படி வாட்டமா இருக்கே?"
இல்லை என்று சொன்ன முதல் மனிதர்
ஏணியின் எட்டாம் படியில் நின்றிருந்தார்.

ஒவ்வொரு பிடியாய்த் தளர்த்தி
ஒவ்வொன்றையும் ஒரு மயிரிழை இறக்கி
மறுபடி முடுக்கினார்.
மீட்டருக்கு அரை சென்டிமீட்டர். அவ்வளவுதான்.
தெருவில் நின்று பார்த்தேன்.
சாய்ந்தது தெரியவே இல்லை.

இப்போது மழை சரியாகப் பிடித்துவிட்டது.
பக்கத்து வீட்டுத் திரு கோவும்
கோல்ஃப் குடையோடு வெளியே நிற்கிறார்.
அவர் சமையற்கட்டுக்கு நீட்டிய தகரக்கூரை
என் சுவரில் தண்ணீரைக் கொட்டுகிறதென்று
ஆறு வருடமாய் எங்களுக்குள்
கடிதம் மட்டுமே போய்வருகிறது.
இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.
அவர் விரலை நீட்டினார். மூலை இணைப்பில்
நூலளவு ஒழுகல், நான் காணாதது.
உள்ளே போய் இறகுப்பந்துகளைக் கொண்டுவந்து
வேலிக்கு மேலாக நீட்டினேன்.
ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மகன் பெர்த்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு
இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
தகரக்கூரையைப் பற்றி
அவர் வாயே திறக்கவில்லை. நானும்தான்.

இறக்குக் குழாய்க்குள் கடகடவென்று ஒரு சத்தம்.
முன்பெல்லாம் வீட்டைச் சுற்றிக்
கணுக்கால் அளவு தேங்கிச்
செருப்பலமாரியை ஊறவைத்த தண்ணீர்
இன்று நிற்க நேரமில்லாமல்
சுவரோரக் கானில் இறங்கி, மூலை திரும்பி,
ஒரு வாதாம் இலையையும் இழுத்துக்கொண்டு
தெரு லோங்காங்கில் விழுந்தது.
இனி அது பெருங்கால்வாய், நீர்த்தேக்கம்.
என்றோ ஒருநாள் குழாய் வழியே திரும்பி வந்து
கட்டணச் சீட்டில் என் பெயருக்கு நேரே
ஓர் எண்ணாய் நிற்கும்.
துரத்தவும் காசு, அழைக்கவும் காசு.

நாற்காலித் துணி முடைநாற்றம் அடித்தது.
மறுபடி துவைக்கப் போட்டேன்.

இரவு மல்லிகேஸ்வரி கூப்பிட்டாள்.
"குரல் வாட்டமா இருக்கேடி?"
"ஆமாம். மீட்டருக்கு
அரை சென்டிமீட்டர்."
அவளுக்குப் புரியவில்லை.
விளக்கலாம் என்று வாயெடுத்தேன்,
கூரையில் மறுபடி ஆரம்பித்தது.