தலைகீழாய் நின்றவர்

கல்யாணத்துக்கு முன்
அந்தோணியாரைக் கொடுமைப்படுத்தியவள் நான்.
மீனாஸ் மலைகளில் அது பெண்களின் பழைய வழக்கம்:
மாப்பிள்ளை அமையும்வரை
தண்ணீர்க் குவளைக்குள் தலைகீழாய்
நிற்கவேண்டும் அவர்.

பதினோரு நாள் நின்றார்.
இடது காது ஊறிக் கரைந்து
குவளையின் அடியில் சுண்ணாம்பாய்ப் படிந்தது.
பன்னிரண்டாம் நாள்
லாரிக்கு விளக்கு வாங்க வந்த ஓஸ்வால்தீனோ
எங்கள் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினான்.

அன்று நான் செய்ததற்குப் பெயர் உண்டென்று
இருபத்தாறு வருடம் கழித்துச் சொன்னார்
பாஸ்டர் ஜெசியெல்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
பழைய டயர்க் கடைதான் எங்கள் சபை.
பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு கிடார்.
ஆணித் தழும்புகூட இல்லாத வெள்ளைச் சுவர்.
மகன் போன வருடம்
கோயிலின் அத்தனை கண்ணாடிக் கண்களும்
என்னையே பார்த்தன; மூச்சு முட்டியது.
இந்த வெறுஞ்சுவர் எதையும் கேட்கவில்லை.
அதன் முன் அழுதேன். அழ முடிந்தது.

சனிக்கிழமைவரை சொரூபம்.
ஞாயிறு மதியம் நான் வீடு திரும்பியபோது
விக்கிரகம்.
அதே சாயம், அதே ஒற்றைக் காது,
கையில் அதே குழந்தை.

ஓஸ்வால்தீனோவுக்கு வேதம் பேச வராது.
சாவி தொலைந்தால் அந்தோணியார்,
சரக்கு கிடைக்காவிட்டால் அந்தோணியார்,
கிடைத்தால் மெழுகுவத்தி, கிடைக்காவிட்டால் வசவு.
"கடவுளிடம் போக உனக்குத் தரகர் எதற்கு?" என்றேன்.
"நேற்று இவோநெய்ஜிக்குப் போன் போட்டு
எனக்காக ஜெபம் பண்ணு என்று அழுதாயே?"
"அவள் உயிரோடு இருக்கிறாள்."
"இவர் இல்லையென்று யார் சொன்னது?"
அதற்குப் பதில் உண்டு,
சபையில் இரண்டுமுறை கேட்டிருக்கிறேன்.
வாய்க்கு வரவில்லை.
பாத்திரம் தேய்க்கப் போனேன்.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை.
அவன் காப்பி மூட்டை ஏற்றி விட்டோரியா போயிருந்தான்.
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்தேன்,
அக்கம்பக்கம் கேட்காதிருக்க
துண்டால் சுற்றினேன் அவரை.
சுத்தியலை ஓங்கினேன்.

எதிர்ச் சுவரில் ஜுராந்திர்.
கக்கத்தில் ஹெல்மெட், பாதிச் சிரிப்பு.
தினமும் தூங்குமுன் நான் முத்தமிட்டு
நெற்றி இருக்கும் இடத்தில்
கண்ணாடி மங்கியிருந்தது.
அது காகிதம். எனக்குத் தெரியும்.
என் பிள்ளை அதற்குள் இல்லை.
அதனிடம் ஒருநாளும் எதையும் வேண்டியதில்லை.

ஆனால் அன்று,
ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க,
"கண்ணை மூடிக்கோடா" என்றேன்
அந்தக் காகிதத்திடம்.

கை தானாக இறங்கியது.

மறுபடி கும்பிடத் தொடங்கிவிட்டேன் என்று
நினைக்க வேண்டாம்.
அவர் முன் என் முழங்கால் மடங்குவதில்லை.
தூசி தட்டும்போது அவரைச் சுற்றித் தட்டுகிறேன், அவ்வளவே.
ஆனால் போன வாரம்
காணிக்கைத் தட்டில் சம்பளம் முழுதும் போட்டு
"நீர் பத்தாய்த் திருப்பித் தந்தே ஆகவேண்டும்" என்று
ஒருத்தி கூரையைப் பார்த்துக் கத்தியபோது
அந்தக் குவளை ஞாபகம் வந்தது.
சுண்ணாம்பும் சாயமும் இல்லாமலே
வெறுஞ்சுவரின் முன் நின்றும்
யாரையோ தலைகீழாய்ப் பிடிக்க முடிகிறது.
பாஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை.

அன்று இரவே திரும்பிவிட்டான் ஓஸ்வால்தீனோ.
மேசையில் செய்தித்தாள், துண்டுக்குள் அவர், பக்கத்தில் சுத்தியல்.
நெடுநேரம் பார்த்தான்.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி
"பையன் படத்து ஆணி ஆடுதா?" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
ஆடாத ஆணியை
நாலு அடி அடித்து இறுக்கினான்.

பொய் சொல்லாதே என்பது
அவன் கணக்கில் எட்டாம் கட்டளை.
விக்கிரகத்துக்கென்று தனியாக ஒன்று வைத்திருப்பதால்
எங்கள் கணக்கில் ஒன்பது.
எட்டையும் ஒன்பதையும்
ஒரே வார்த்தையில் மீறிவிட்டு
அவனுக்குச் சோறு போட்டேன்.