பச்சைத் தூள்

மெஷின் மாட்டிக் கொடுக்க வந்த ஜப்பான்காரர்
ஊருக்குக் கிளம்பும் நாளில்
என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்
உள்ளங்கையில் அடங்கும் ஒரு டின்.
மேலே எழுதியிருந்த எதையும் படிக்கத் தெரியவில்லை.
உள்ளே
பச்சை.

மருதாணி என்றாள் செலின்.
செடிக்கு அடிக்கிற மருந்து, கண்ணில் பட்டுவிடப் போகிறது
என்றான் ஸ்டோர் கீப்பர்.
அவரோ போகும்போது
கையைக் கரண்டிபோல் சுழற்றி
வயிற்றைத் தடவிக் காட்டியிருந்தார்.
ஆக, தின்பதுதான்.

கெலமங்கலத்தில் அந்த ஞாயிறு
பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று சொல்லியிருந்தார்கள்.
சீட்டுப் பணத்தில் வாங்கிய ஓவன்
இதுவரை பன்னைச் சூடாக்கியதோடு சரி.
கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், மைதா அரை,
உருக்காத வெண்ணெய்,
முட்டை இரண்டு; ஒன்றின் ஓடு உள்ளே விழுந்து
அதைத் துழாவியெடுக்கவே ஐந்து நிமிடம்.
ஏலக்காய் என்றால் என் விரல் தானாக நின்றுவிடும்.
இந்தப் பச்சைக்கு
ஸ்பூன் அந்தரத்திலேயே நின்றது
விடை தெரியாத பேனா மாதிரி.
இரண்டு போட்டேன்.
பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று
இன்னொன்று.

இருபதாவது நிமிடம் வாசனை எழுந்தது.
மழை விட்டதும் வரப்பில் யாரோ
புல் அறுக்க உட்கார்ந்ததுபோல.
லிகிதா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.
"மாடு திங்கறதும்மா இது."
ஆறுவதற்குள் வெட்டியதில்
பாதி சதுரம், பாதி வரைபடத்தில் இல்லாத தேசங்கள்.
இவர் ஒன்றை எடுத்துக் கடித்து
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"இனிப்பா கசப்பா, ஏதாவது ஒண்ணு சொல்லு" என்றார்.
என்னிடம் இல்லை,
அதனிடம்.

நானும் தின்றேன்.
இனிப்பு முதலில் வந்து உட்கார்ந்தது.
அதன் பின்னாலேயே, கதவைச் சாத்தாமல், ஒரு கசப்பு.
அதற்கும் பின்னால் இன்னொருவர்
பெயர் சொல்லாமல் நிற்கிறார்.
அறுசுவையையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
துவர்ப்பு மட்டும் பாதிக் கை தூக்கி
இறக்கிக்கொண்டது.

கோணி இருக்குமா என்று கேட்க வந்த திம்மராயன்
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"என்னம்மா, நீயும் புழு வெச்சிருக்கியா?"
நாலாவது தோல் கழற்றி எழுந்த பட்டுப்புழு
மல்பெரி இலைமேல் விழுந்து தின்கிற
ராத்திரி வாசனையாம் இது.
"அந்தச் சத்தம் ஒண்ணுதான் இல்ல."

ஒன்றை நீட்டினேன்.
அவர் தாடை அசைவதை
மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"பத்தொம்பது வருசமா
ரெண்டு மணிக்கு எந்திரிச்சுக் கூடை கூடையாக் கொட்டறேன்.
என்னத்தக் கண்டு இப்படித் திங்குதுங்கன்னு
ஒருநாளும் வாயில வெச்சுப் பாக்கல."
இரண்டாவதைக் கேட்டு வாங்கினார்.
மூன்றாவதைக் கேட்கவில்லை,
செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டார்.
வீட்டுக்கா என்றேன்.
"புழுவுக்குக் காட்டணும்.
கிட்டப் போக மாட்டேன். தூரமா நின்னு."
கோணியை மறந்துவிட்டுப் போனார்.

சொன்னபடி கரண்ட் போயிற்று.
தட்டில் மிச்சம் பதினொன்று.
அதில் ஒன்றின் மூலை கடிபட்டிருக்கிறது.
கேட்டால் எலி என்கிறாள் லிகிதா,
பல்லில் பச்சையோடு.

நாளைக் காலை வேனில்
எப்படி இருந்தது என்று செலின் கேட்பாள்.
புழு தின்கிற மாதிரி என்று சொன்னால்
தொடவே மாட்டாள்.
சொல்லாமல்தான் கொடுக்க வேண்டும்.

டின்னைத் திறந்து பார்த்தேன்.
இன்னும் ஏழெட்டு ஸ்பூன் தேறும்.
அடுத்த தடவை
சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம்.