யோகானந்தன் கடையில் எழுபத்தெட்டாவது நிமிடம்

எங்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு தீவு இருக்கிறது.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
நடுவில் கல்முனை பஸ் ஊதிக்கொண்டு போகும் வீதி.
அவ்வளவுதான் தேத்தாத்தீவு.
மற்றத் தீவில் நான் ஆறு வருடம்
ஆரோ படுத்தெழும்பிய வெள்ளை விரிப்புகளைத்
துவைத்துக் காயப்போட்டேன்.

என் வீட்டுக் கூரைத் தகடு மாலைதீவு.
மகளின் காதில் ஆடும் தோடு மாலைதீவு.
முழங்கால் வலியும்தான்.

வருடத்துக்கு ஒருமுறை அயல்நாடுகள் கூடி
ஒரு கிண்ணத்துக்காக உதைத்துக்கொள்ளும்.
அங்கே, விடுதியின் பின்கட்டில்,
ஐஸ்பெட்டிக்கு மேலிருந்த சின்ன டிவியின் முன்னால்
இலங்கைக்காகக் கத்திய ஒரே தொண்டை என்னுடையது.
ஷிஃபாஸ் படகோட்டி. பந்தயம் கட்டுவான்:
தோற்ற நாட்டுக்காரனுக்கு
வென்ற நாட்டுக்காரன் கோலா வாங்கிக் கொடுக்கவேண்டும்.
ஆறு வருடமும்
நான் காசு கொடுத்துக் கோலா குடித்ததில்லை.

இன்றைக்கு நான் இங்கே.
கடையில் பணிஸ் முடிந்துவிட்டது.
தொங்கும் வாழைக்குலைக்கும் சுவருக்கும் இடையில்
பச்சையாய் ஒரு மைதானம்.
கரண்ட் போகக்கூடாதென்று
ஆரோ பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறார்கள்.
ஏனென்றால் இரண்டாம் இலக்கச் சட்டையில் ஓடுகிறவன்
எங்கள் கிதுசன்.
போன வருடம்வரை ஆலையில் உமிச்சாக்கு ஏற்றியவன்,
பின்னேரத்தில் கடற்கரை மணலில்
கரைவலைக்காரர் ஏசஏசப் பந்து துரத்தியவன்.

அவனுடைய அம்மா தவமலர் முன்வாங்கில்.
பந்து எந்தப் பக்கம் போகவேண்டுமென்று
அவள் ஒருவரையும் கேட்கவில்லை.
மகன் டிவிக்குள் வரும்போதெல்லாம்
முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்,
அங்கிருந்து அவன் பார்ப்பான் என்பதுபோல.

நம்ம பக்கத்துக்குக் கத்தத்தான் நானும் வந்தேன்.
ஆனால் சிவப்புச் சட்டைகள் பந்தை எடுக்கும்போது
செருப்புக்குள் கால்விரல் மடங்குகிறது.
அவர்களுடைய ஏழாம் இலக்கக்காரன்
இடதுதோளைச் சற்றே தாழ்த்தி ஓடுகிறான்.
வெள்ளிக்கிழமைகளில்
ஷிஃபாஸ் ஓடும் ஓட்டம் அது.

எழுபத்தெட்டாவது நிமிடம்.
மூலையிலிருந்து வளைந்து வந்த பந்து
கூட்டத்துக்குள் ஒரு முழங்காலில் பட்டு
வலைக்குள் போனது.
நான் எழும்பிவிட்டேன்.
"கோல்!" என்று கத்தி, இரண்டு கையும் தட்டி.
எந்தப் பக்கத்து வலையென்று
என் கைகளுக்கு என்னைவிட முந்தித் தெரிந்திருந்தது.
பிறகுதான் மாலைதீவின் கணக்கில் ஒன்று ஏறியதைக் கண்டேன்.
அதற்கும் பிறகுதான்
முழங்கால் ஆருடையதென்று கண்டேன்.

கடை அசையவில்லை.
"சேம்சைட்" என்று தொடங்கிய பொடியனை
யோகானந்தன் பார்த்த பார்வையில்
மிச்சச் சொல் வாய்க்குள்ளேயே நின்றது.
வடைச்சட்டி மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

"அவன்தானே அடிச்ச?"
தவமலர் திரும்பி எங்களைப் பார்த்தாள்.
"என்ட புள்ளதானே கா?"

"ஓம்" என்றான் யோகானந்தன்.
அதில் பொய்யில்லை.

டிவிக்கு இரக்கமில்லை, திரும்பத் திரும்பக் காட்டியது.
நாலாம் தரமும் கிதுசன் புல்லில் குந்தி
முகத்தைப் பொத்திக்கொண்டான்.
"சந்தோசத்தில அழுறான்" என்றாள்.
எல்லாருக்கும் பிளேன்ரீ போடச் சொன்னாள், தன் கணக்கில்.
நாங்கள் குடித்தோம்.
வேறென்ன செய்வது, சூடாகக் குடித்தோம்.

கடைசி விசிலுக்குப் பிறகு போன் அதிர்ந்தது.
ஷிஃபாஸ். ஒரு கோலாப் போத்தலின் படம்,
கூட ஒரு சொல்லும் இல்லை.
கவிழ்த்து வைத்தேன்.

போகும்போது தவமலர் என் வாங்கருகே நின்றாள்.
அவிழ்ந்த கொண்டையை முடிந்தபடி,
"இவ்வளவு பேர் இரிக்காங்க" என்றாள்.
"நீ ஒருத்தன்தான் எழும்பிக் கை தட்டினாய்.
நான் கண்டன்."